கப்பல் ஏறாத சிப்பாய்: சௌக்டான் பெரியவர் ஒருத்தரோட 96 வருஷம், ஒரு நிகழ்வு ஆய்வு

1964லேர்ந்து அடுத்த நாலஞ்சு வருஷத்துல பர்மாவை விட்டு சுமார் 3 லட்சம் இந்தியர்கள் கிளம்பிட்டாங்க. கடை போச்சு, கையில இருந்த நோட்டு செல்லாமப் போச்சு, மெட்ராஸுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல் மேல கப்பலா ஆளுங்க ஏறினாங்க, அவங்கதான் இன்னைக்கு தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் இருக்கிற பர்மா காலனி, சென்னையில இருக்கிற பர்மா பஜார். இந்த ஆய்வுல வர்ற பெரியவர் அந்தக் கூட்டத்துல முதல் ஆளா கிளம்பியிருக்க வேண்டிய மனுஷன். பொறந்தது ராமநாதபுரம் சீமை, கையில இருந்தது வெளிநாட்டுக்காரன் அட்டை, நேதாஜி படையில இருந்தவர்ங்கிறதால இந்தியாவுல மரியாதை கிடைக்கும்னு வேற எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஆனா அவரு போகல. 2019ல 96 வயசுல, ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சௌக்டான் பக்கத்துலயே காலமானாரு.

ஏன் போகலங்கிறதுதான் கேள்வி. அந்த முடிவு குடும்பத்துக்கு நல்லதா கெட்டதாங்கிறது ரெண்டாவது கேள்வி, அதுல அவரு பிள்ளைகளுக்குள்ளேயே இன்னைக்கு வரைக்கும் ஒத்துப்போகல. அவரு பேசினதை போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன், மூத்த மக எங்க தெருதான், அந்த வீட்டுப் பேப்பர் எல்லாத்தையும் உக்காந்து பார்த்தேன். பேரு போட வேண்டாம்னு குடும்பத்துல கேட்டுக்கிட்டாங்க, அதனால தாத்தான்னே எழுதுறேன், அவரு சம்சாரத்தை ஆயான்னு.

தாத்தா 1936ல 13 வயசுல தாய்மாமனோட மெட்ராஸ்ல கப்பல் ஏறி ரங்கூன் வந்தாரு. அப்போ பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவுல ஒரு மாகாணம்தான், 1937 ஏப்ரல் 1க்கு அப்புறம்தான் தனியாப் பிரிச்சாங்க. மாமன் முகல் தெருவுல (இப்போ ஷ்வே போந்தா தெரு) ஒரு செட்டியார் கிட்டங்கியில சமையலாள், இவரு கையாள். கணக்கு கத்துக்கிற பெட்டியடிப் பையன் வேலைக்குக் கூட இவரைச் சேர்க்க மாட்டாங்க, அது அவங்க ஆளுங்களுக்கு. அதனால கணக்கு கத்துக்கல, சமையல் கத்துக்கிட்டாரு. இது பின்னாடி ரொம்ப முக்கியமாப் போச்சு, மனசுல வச்சுக்கங்க.

1941 டிசம்பர் 23 ரங்கூன்ல சப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகக் கூலிங்க, தெரு கூட்டுறவங்க, கடைக்காரங்கன்னு ஊரே காலியாச்சு. கப்பல்ல இடம் காசுக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும்தான், மத்தவங்க நடந்தாங்க. ப்ரோம் வழியா தவுங்கப் கணவாயைத் தாண்டி அராக்கன் பக்கம் ஒரு வழி, அப்புறம் மேல போயி தாமு வழியா மணிப்பூருக்கு ஒரு வழி. 1942ல இப்படி இந்தியாவுக்குக் கிளம்பினவங்க 5 லட்சம் பேர் வரைக்கும் இருக்கும்னு சொல்றாங்க, வழியில காலராவுலயும் பசியிலயும் செத்தது பல்லாயிரம். மாமன் ப்ரோம் வழியாப் போனாரு. தாத்தாவும் கூடப் போனவர்தான், ப்ரோம் போறதுக்குள்ள காய்ச்சல் வந்து விழுந்துட்டாரு, அங்க ஒரு பர்மாக்கார அம்மா வீட்டுத் திண்ணையில போட்டுட்டு மாமன் கூட்டத்தோட போயிட்டாரு. அப்புறம் மாமனைப் பத்தி ஒரு தகவலும் இல்லை, லெட்டர் இல்லை, ஊர்லயும் வந்து சேரல. தாத்தா பிழைச்சு எந்திரிச்சு திரும்பி ரங்கூன் வந்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் சிரியம் (இப்போ தன்லின்), சௌக்டான், தொங்வா பக்கம் நெல்லு விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்த தமிழ் ஆளுங்ககிட்ட ஒதுங்கினாரு.

பட்டாளத்துல சேர்ந்த கதை

நேதாஜி பேச்சைக் கேட்டு ரத்தம் கொதிச்சு ஓடிப்போயி சேர்ந்தேன்னுதான் கோயில் மேடையில அவரைச் சொல்ல வைப்பாங்க. வீட்டுல உக்காந்து கேட்டா வேற கதை. 1943 மழைக்காலத்துல சப்பான்காரன் ஊர் ஊரா ஆள் புடிச்சுக்கிட்டு இருந்தான், சயாமுக்கு (இப்போ தாய்லாந்து) போடுற ரயில் பாதைக்கு. 415 கிலோமீட்டர் பாதை, பர்மா பக்கம் தன்பியூசயாத்ல ஆரம்பிக்குது, மலேயாவுலேர்ந்து கொண்டுபோன தமிழாளுங்களும் பர்மாக்காரங்களும் அங்க கொத்து கொத்தா செத்தாங்க. போன ஆளு திரும்பலன்னு ஊருக்குள்ள தெரிஞ்சுபோச்சு. இந்திய சுதந்திர லீக்ல பேரு கொடுத்து ஐ.என்.ஏ.ல, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, சேர்ந்துட்டா ரயில் பாதைக்கு இழுக்க மாட்டான், சோறும் உண்டு. "முக்கால்வாசி பயம் தம்பி, கால்வாசி நேதாஜி. போகப் போக அந்தக் கால்வாசி கூடுச்சு"ன்னு சொன்னாரு. இதை நான் குறைச்சலா நினைக்கல. மலேயாவுலயும் பர்மாவுலயும் சேர்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிக்காரங்கள்ல எத்தனையோ பேருக்கு இதே கணக்குதான் ஓடியிருக்கும், அதுக்காக அவங்க பட்ட பாடு பொய்யாயிடாது.

கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில, இவருக்கு ஒரு மண்ணும் புரியாது, பக்கத்துல நிக்கிறவன் திரும்பினா இவரும் திரும்புவாரு. சமையல் தெரியும்னு தெரிஞ்சதும் சப்ளை பக்கம் தள்ளிட்டாங்க. 1944 ஜனவரியில நேதாஜியோட ஆசாத் ஹிந்த் அரசாங்கத் தலைமையகம் சிங்கப்பூர்லேர்ந்து ரங்கூனுக்கு மாறுச்சு, மார்ச்ல இம்பால் சண்டை ஆரம்பிச்சுது. இவரு மாண்டலே, மொனிவா, யேயூ வழியா கலேவா போற பாதையில மூட்டை தூக்கினாரு. இம்பாலை இவரு கண்ணால பார்க்கவே இல்லை, துப்பாக்கி இருந்துச்சு, சுட்டதில்ல. ஏப்ரல்ல இம்பால் பக்கத்துல மொய்ராங்ல நம்ம கொடி ஏறிடுச்சுன்னு சேதி வந்து எல்லாரும் ஜெய் ஹிந்த் போட்டாங்களாம், அதோட நல்ல சேதி முடிஞ்சுது.

மழை புடிச்சதும் மேலேர்ந்து ஆளுங்க திரும்பி வர ஆரம்பிச்சாங்க. ஜூலையில பின்வாங்கச் சொல்லி உத்தரவு. கபா பள்ளத்தாக்கு முழுக்க மலேரியா, வயித்துக்கடுப்பு, லாரி சேத்துல நிக்குது, அரிசி மேல போகல. காட்டுத் தழையைப் புடுங்கி அவிச்சுத் தின்னுக்கிட்டு வந்த ஆளுங்களை இவரு கலேவாவுல பார்த்திருக்காரு. அவங்க சோறு கேக்கல தாத்தாகிட்ட, உப்பு கேட்டாங்க. தழையை உப்பில்லாம எத்தனை நாள் முழுங்குறது. ஒருத்தன் இவரு கையில கொட்டிக்கிட்டு இருந்த உப்பை உள்ளங்கையோட சேர்த்து நக்கினான்னு சொல்லும்போது அவரு தன்னோட வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டாரு, கொஞ்ச நேரம் ரெக்கார்ட்ல பேச்சே இல்லை, வெளியில கோழி கத்துற சத்தம்தான் இருக்கு. அன்னையிலேர்ந்து சாகுற வரைக்கும் கைலி மடியில ஒரு சின்னப் பொட்டலம் கல்லுப்பு இருக்கும். மழையில கரைஞ்சு கைலி வெளுத்துப் போகும், ஆயா அதுக்காகத் திட்டாத நாள் இல்லை.

அப்புறம் இவருக்கே மலேரியா, மாண்டலேயில படுத்துட்டு ரங்கூன் முகாம் சமையக்கட்டுக்கு வந்து சேர்ந்தாரு. அதனால 1945 ஏப்ரல்ல ரங்கூன்ல இருந்தாரு. 24ஆம் தேதி நேதாஜி கிளம்பிட்டாரு. சப்பான்காரனும் போயிட்டான். ஊர்ல போலீஸ் இல்லை, கொள்ளை அடிக்கிறவனுக்கு வசதி. மேஜர் ஜெனரல் லோகநாதன், நம்ம தமிழர்தான், சுமார் 5,000-6,000 பேரோட ரங்கூனைப் பார்த்துக்கச் சொல்லி நிறுத்தப்பட்டிருந்தாரு. 1942ல காலியான ஊர்ல நடந்த வெட்டுக் குத்தும் கொள்ளையும் இந்தத் தடவை பெருசா நடக்காம இருந்ததுக்கு அந்தப் படை ஒரு காரணம், இதை இன்னும் சத்தமாச் சொல்லணும். தாத்தாவுக்கு ஒரு அரிசிக் கிட்டங்கி வாசல்ல காவல். ஜெயில்ல இருந்த வெள்ளைக்காரக் கைதிங்க கூரை மேல ஏறி சப்பான்காரன் போயிட்டான்னு பெருசா எழுதி வச்சாங்க, விமானத்துல வர்றவனுக்குத் தெரியுறதுக்கு. மே 3ஆம் தேதி பிரிட்டிஷ் படை உள்ள வந்துச்சு, துப்பாக்கியை வாங்கிக்கிட்டாங்க. முன்னாடி பிரிட்டிஷ் இந்தியப் படையில இருந்துட்டு மாறினவங்களைத்தான் வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு தரம் பிரிச்சு விசாரிச்சாங்க, இவரை மாதிரி ஊர்லேர்ந்து சேர்ந்த ஆளுங்களை கொஞ்ச வாரம் அடைச்சு வச்சு விட்டுட்டாங்க. காக்கி டவுசரை வயல்ல போட்டே கிழிச்சாரு.

இந்தக் கொஞ்ச வாரம்தான் பின்னாடி இடிச்சுது. இந்திய அரசு 1972ல தியாகி பென்ஷன் கொண்டு வந்து, 1980ல அதை விரிவாக்குச்சு, ஆனா ஆறு மாசமாவது சிறையில இருந்திருக்கணும். இவரு இருந்தது அதுல கால்வாசி கூட வராது, படை நம்பர் போட்ட காகிதமும் இல்லை. ஒரு தடவை யாரோ மனு எழுதிக் கொடுக்கிறேன்னு பணம் வாங்கிட்டுப் போனான், அவ்வளவுதான்.

குடும்பம்

1946ல கல்யாணம். ஆயா சௌக்டான் பக்கத்து விவசாயி மக, அந்தம்மாவோட தாத்தா காலத்துலயே வந்த குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பேரும் பர்மாவுலயே பொறந்தவங்க. ஏழு பிள்ளை பொறந்து அஞ்சு தங்குச்சு. மாமனார் வயல்ல பாதி நாள், சந்தைக்குப் பக்கத்துல போட்ட டீக்கடையில பாதி நாள். காலையில மொய்ங்காவும் (மீன் குழம்பு ஊத்தின பர்மா நூடுல்ஸ்) இட்லியும், சாயங்காலம் டீ. பர்மாக்காரங்க இட்லிக்கு வருவாங்க, தமிழாளுங்க மொய்ங்காவுக்கு வருவாங்கன்னு அவரு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. கிட்டங்கி சமையக்கட்டுல கத்துக்கிட்ட கைதான் அஞ்சு பிள்ளையை வளர்த்துச்சு. குடிக்க மாட்டாரு, பிள்ளைங்களை அடிக்க மாட்டாரு, ஆனா யாராவது தட்டுல சோறை மிச்சம் வச்சா எந்திரிச்சு வெளியில போயிடுவாரு, அன்னைக்கு முழுக்கப் பேச மாட்டாரு. மூத்த மக சொல்லுது, அடிச்சிருந்தாக்கூடத் தேவலைன்னு இருக்குமாம்.

1962 மார்ச் 2 ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் புடிச்சாரு. 1964 மார்ச்ல ரங்கூன்ல கடைங்க எல்லாம் அரசு கைக்குப் போச்சு, வாசல்ல மக்கள் கடைன்னு நம்பர் போட்ட போர்டு மாட்டினாங்க. மே 17ல 50, 100 க்யாட் நோட்டு செல்லாது. தாத்தாவோட டீக்கடை ஓலைக் கொட்டாய், அதை எடுக்க யாரும் வரல, ஆனா மூத்த மக கல்யாணத்துக்குன்னு நூறு நூறா சேர்த்து வச்சிருந்தது அடி வாங்குச்சு. கொஞ்சம்தான் மாத்த முடிஞ்சுது. ஆயாவோட தம்பி ரங்கூன்ல துணிக்கடை வச்சிருந்தவரு, ஒரே நாள்ல எல்லாம் போச்சு, அவரு குடும்பத்தோட கப்பலுக்குப் பேரு கொடுத்துட்டு இவரையும் கூப்பிட்டாரு.

இங்கதான் நம்ம கேள்வி. அவருகிட்ட நேரடியாக் கேட்டப்போ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னாரு. மாமியார் படுத்த படுக்கை. நாத்து விட்டிருந்த நேரம். நகை கொண்டுபோக விடமாட்டான், வெறுங்கையோட போயி யாரு வீட்டுத் திண்ணையில படுக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனா இதே காரணங்கள் இருந்த எத்தனையோ குடும்பம் கப்பல் ஏறிடுச்சே.

எனக்குத் தெரிஞ்சு ரெண்டு விஷயம் கனமானது. ஒண்ணு, நெல்லு. 1964ல அடி வாங்கினது பெரும்பாலும் டவுன்காரங்க, கடை வச்சவங்க, வட்டிக்கு விட்டவங்க. செட்டியார் நிலமெல்லாம் 1948லேயே சட்டத்துல போக ஆரம்பிச்சிருச்சு, ஆனா உழுதுக்கிட்டு இருந்தவன் உழுதுக்கிட்டேதான் இருந்தான். இன்னைக்கும் பர்மாவுல மிஞ்சியிருக்கிற தமிழாளுங்க பெரும்பாலும் பெகு, தட்டோன், மோல்மேன், சௌக்டான் பக்கத்துக் கிராமத்து விவசாயி, கூலிக்காரன் பரம்பரைதான், முகல் தெரு பரம்பரை இல்லை. தாத்தா கட்டிக்கிட்ட பொண்ணு வயல்காரன் மகளா இருந்ததாலதான் இருக்க முடிஞ்சுது, துணிக்கடைக்காரன் மகளா இருந்தா அவரும் போயிருப்பாரு.

ரெண்டாவது விஷயத்தை அவரு வாயால சொல்லல, ஆயா சொன்னுச்சு. துறைமுகத்துல மச்சானை வழியனுப்பப் போனப்போ அந்தக் கூட்டத்தைப் பார்த்துட்டு இவருக்குக் கை நடுங்கியிருக்கு. மூட்டை, பாய், பொம்பளைங்க, குழந்தைங்க, வரிசை. பாதியிலேயே வீட்டுக்கு வந்துட்டாரு, அன்னைக்கு ராத்திரி காய்ச்சல். 1942ல ப்ரோம் ரோட்டுல பார்த்த கூட்டம், 1944ல கலேவாவுல பார்த்த கூட்டம், மூட்டையோட நடக்கிற கூட்டம்னா அவருக்கு அது செத்துப்போகப் போற கூட்டம். போர் அவருக்குள்ள விட்டுட்டுப் போனது இதைத்தான்னு நினைக்கிறேன். மேடையில போட்ட மாலை, ஜெய் ஹிந்த் எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது.

ஆனா பயத்துல எடுத்த முடிவுன்னு தள்ளிட முடியாது. அதுக்கப்புறம் அவரு குடும்பத்தை நடத்தின விதத்தைப் பாருங்க. நோட்டாச் சேர்க்கவே இல்லை. நெல்லு, பலகை, ஆயா காதுல கழுத்துல ஒரு பொட்டு தங்கம், இவ்வளவுதான் சேமிப்பு. 1985ல மறுபடி நோட்டு செல்லாதுன்னாங்க, 1987 செப்டம்பர் 5 மறுபடி 25, 35, 75 நோட்டு செல்லாது, இந்தத் தடவை ஒரு பைசா மாத்திக் கொடுக்கல, ஊரே அழுதுச்சு, இவரு வீட்டுல செல்லாமப் போனது கடை கல்லாவுல இருந்த ஒருநாள் வரும்படி மட்டும். 2008 மே 2 நர்கிஸ் புயல் கூரையைத் தூக்கிட்டுப் போனப்போ சேர்த்து வச்சிருந்த பலகைதான் பத்து நாள்ல வீடாச்சு, அப்போ அவருக்கு 85 வயசு, பேரனுங்களுக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கிட்டு நின்னாரு.

இழப்பையும் எழுதணும். 1965க்கு மேல தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கிச்சு, தமிழ் படிப்பு கோயில் திண்ணைக்கு வந்துருச்சு. மூத்த ரெண்டு பிள்ளைங்க தமிழ் எழுதுவாங்க, கடைசி மூணும் பேசும், எழுத வராது. சின்ன மகன் படிப்புல கெட்டி, டாக்டருக்குப் படிக்கிற அளவுக்கு மார்க் இருந்துச்சு, அப்பன் வெளிநாட்டுக்காரன்னு கதவு சாத்திட்டாங்க. அந்த மகன் இன்னைக்கும், வயசு அறுபதைத் தாண்டிருச்சு, அப்பா கப்பல் ஏறியிருக்கணும்னு சொல்றாரு. தாய்மாமன் குடும்பம் தமிழ்நாட்டுல முகாம், காலனி, தள்ளுவண்டி அத்தோ கடைன்னு ஆரம்பிச்சு ரெண்டு தலைமுறைல ஒரு பேரன் கவர்ன்மெண்ட் வேலையில இருக்கான்னு காட்டுறாரு. அந்த மாமன் வந்து மூணாவது வருஷமே முகாம்ல செத்துப்போனதை அக்கா எடுத்துச் சொன்னா, அது அவரு விதிங்கிறாரு. தீபாவளிக்கு தீபாவளி இந்தச் சண்டை நடக்கும்.

ரெண்டு பேருமே தப்பான வருஷத்தைப் புடிச்சுக்கிட்டு சண்டை போடுறாங்கன்னு எனக்குத் தோணுது. பேப்பரை வச்சுப் பார்த்தா அடி விழுந்தது 1964ல இல்லை. 1948ல பர்மா சுதந்திரம் வாங்கினப்போ, 4 ஜனவரி 1948க்கு முந்தின பத்து வருஷத்துல எட்டு வருஷம் இங்க இருந்திருந்தா, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில பொறந்த ஆளு மனு போட்டு குடியுரிமை எடுத்துக்கலாம்னு வழி இருந்துச்சு. தாத்தா 1936லேர்ந்து இங்க. தகுதி சுத்தமா இருந்துச்சு. நிறைய இந்தியர்கள் மாதிரியே இவரும் கெடுவுக்குள்ள மனு போடல. 1949 ஆரம்பத்துல ரங்கூன் வாசல்ல, இன்செய்ன்ல கரேன் இனப் போராளிங்களோட சண்டை, சுத்தி எங்கயும் கொள்ளைக்காரன் தொல்லை, ஆத்தைத் தாண்டி ஆபீஸ் போயி க்யூவுல நிக்க யாருக்கு மனசு வரும், அப்போ பாலமும் கிடையாது, தன்லின் பாலம் 1993லதான் வந்துச்சு. சரிதான், ஆனா அந்த ஒரு மனுவுக்கு ஆன விலை என்னன்னு பாருங்க. ஆயா பர்மா பிரஜை, தாத்தா வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கிற வெளிநாட்டுக்காரன், பிள்ளைங்களுக்கு அப்பன் பேப்பரைத்தான் முதல்ல கேப்பாங்க. 1982 குடியுரிமைச் சட்டம் வந்து, 89லேர்ந்து கலர் அட்டை கொடுத்தப்போ ஒரே வீட்டுல அம்மாவுக்கு ரோஸ் (முழுப் பிரஜை), பிள்ளைங்களுக்கு அலைஞ்சு திரிஞ்சு பச்சை (மனு போட்டு வாங்கின பிரஜை), அப்பாவுக்கு ஒண்ணுமில்லை. சின்ன மகனோட டாக்டர் படிப்பு போனதுக்கு கப்பல் காரணமில்லை, 1949ல போடாத அந்த மனுதான் காரணம். இதை நான் அந்த வீட்டுல சொன்னப்போ ரெண்டு பேரும் என்னைத்தான் முறைச்சாங்க.

2016ல மூத்த மகளோட பொண்ணுக்கு, அதாவது பேத்திக்கு, ரோஸ் அட்டை வந்துச்சு. அம்மா பச்சை, அப்பா ரோஸ், சட்டப்படி பொண்ணுக்கு ரோஸ்தான், ஆனா கைக்கு வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ரெண்டு குழந்தை பொறந்தாச்சு. அட்டையைக் கொண்டுபோயி தாத்தா கையில கொடுத்தாங்க. கண்ணு சரியாத் தெரியாது, முகத்துக்குக் கிட்ட வச்சு, விரலால ஓரத்தைத் தடவிப் பார்த்தாரு.

"எவ்வளவும்மா குடுத்தீங்க?"ன்னு கேட்டாரு.

பேத்தி தொகையைச் சொன்னுச்சு. அதுல பாதிக்கு முடிச்சிருக்கலாம், அந்தக் கிளார்க்கோட அப்பன் நம்ம கடையில கடன்ல டீ குடிச்சவன், என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலன்னு அன்னைக்கு முழுக்க எல்லாரையும் திட்டிக்கிட்டு இருந்தாரு.